உங்க பொண்ணு வந்துட்டா

மண்ணூர்ப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் நான் வார்டன். வார்டன் என்பது வாயால் சொல்வதற்கு. சமையலை மேற்பார்க்கிறது, தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்கிறது, கேட்டைத் திறந்து மூடுகிறது எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கே தங்குகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய் வருகிறவர்கள். ஷிப்டு மாறி மாறி வரும். எந்த நேரத்தில் பார்த்தாலும் இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நானும் தூங்குகிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எந்த ஷிப்டிலும் சேராத தூக்கம்.

யார் உள்ளே, யார் வெளியே என்று என்னை யாரும் கேட்டுத் தடுமாற வைத்ததில்லை. வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பஸ்ஸின் பேரைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் எந்தச் செருப்பு எவளுடையது, எது நேற்று அறுந்து ஊக்கு மாட்டியது என்பது தெரியும். பல வருஷம் இந்த விடுதி அப்படித்தான் நடந்தது. ஒருத்தியும் தொலைந்து போகவில்லை.

அப்புறம் விரல் வைக்கிற மெசின் வந்தது. சேர்க்க வருகிற அப்பன்மார் எல்லாம் அதைக் கேட்டார்கள். பக்கத்து விடுதியில் இருக்கிறதாம், பெண் உள்ளே வந்தால் போனுக்கு மெசேஜ் வருமாம். விடுதி முதலாளியின் மருமகள் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். பக்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி. மெசினைச் சுவரில் மாட்டிய அன்று அவளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பெரியம்மா, இங்க பாருங்க. மேல கீதே, இந்தப் பொட்டி. பொண்ணு விரல் வெச்சான்னா இது முழிச்சுக்கும். அதுக்கப்புறம் இன்னா நடக்கணும்னு நாம கீழ ஒண்ணொண்ணா மாட்டி வுடணும். ஒவ்வொண்ணுக்கும் ஆக்ஷன்னு பேரு."

"முழிச்சிக்கினு இன்னா பண்ணும்?"

"நாம இன்னா சொல்லி வெச்சமோ அத மட்டும் பண்ணும்."

"சொல்லாதத?"

"அதைப் பண்ணாது."

"எங்க வூட்டுக்காரரு மாரிதான்னு சொல்லு."

அவள் சிரித்தாள். திரையில் பெட்டி பெட்டியாக இருந்தது, நடுவில் கோடு இழுத்து. முதல் பெட்டி, எத்தனை பேர் வந்தார்கள் என்று சமையல்காரம்மாவின் போனுக்குச் சொல்லும். அதை வைத்து அவள் இட்லி ஊற்றலாம். அது எனக்குப் பிடித்தது. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். இட்லி வீணாவது அன்றோடு குறைந்தது. இரண்டாவது பெட்டிதான் அப்பன்மாருக்கு. நைட் ஷிப்டு முடிந்து வர வேண்டிய பெண் விரல் வைக்கவில்லை என்றால் மெசேஜ் போகும்.

"நைட் ஷிப்டு பொண்ணுங்க எத்தினி மணிக்குள்ள வரும் பெரியம்மா?"

"பஸ்ஸு வர்ற நேரத்துக்கு."

"அது எத்தினி மணி?"

"அத டிரைவரக் கேளு."

அவள் கேட்கவில்லை. காலை எட்டரை என்று தானே போட்டுக்கொண்டாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, விரல் வைக்கிற வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை திருப்பி அனுப்பு என்றும் ஒரு பெட்டி மாட்டினாள். "பேரண்ட்ஸு ஒரு மெசேஜ கவனிக்காம வுட்டுட்டா?" என்றாள். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒன்றை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. இந்தப் பெண்களில் பலர் போன் பாகங்களைச் சேர்க்கிற லைனில் வேலை செய்கிறவர்கள். ஏதோ ஸ்பிரிட் மாதிரி ஒரு தண்ணீரைத் துணியில் தொட்டு ஷிப்டு முழுக்கத் துடைப்பார்கள். ஆறு மாதம் போனால் விரல் நுனி பீங்கான் மாதிரி வழவழ என்றாகிவிடும். ரேகை என்று தேடினால் கிடைக்காது. மெசின் எதைப் பார்க்கும்? "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்று ஒருத்தி குரல் அதற்குள்ளிருந்து சொல்லும். காலை முழுக்க எனக்கு அந்தக் குரல்தான் சுப்ரபாதம். பெண்களே அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். விரலைத் தலைமுடியிலோ மூக்கு ஓரத்திலோ தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றிக்கொண்டு வைத்தால் சில நாள் எடுக்கும். வரிசையில் நின்று எல்லாரும் மூக்கைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி தென்காசிப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். சாப்பிட்ட தட்டோடு பக்கத்தில் இருப்பவள் தட்டையும் கழுவி வைப்பாள். அவள் அப்பா சேர்க்க வந்தபோதே என் எதிரில் சொன்னார்: "ஒரு பேச்சு வந்தாலும் பெட்டியக் கட்டிரணும் பாத்துக்க." அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் மேல் ஒரு பேச்சும் வந்ததில்லை. நல்ல வேலைக்காரி என்று சூப்பர்வைசரே சொல்லி, லைன் லீடராக எடுத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து பகல் ஷிப்டு, தனிக் கலர் கோட்டு. அதை என்னிடம் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை நல்ல மழை. ஒரகடம் ரோட்டில் தண்ணீர் நின்று எல்லா பஸ்ஸும் தாமதம். நைட் ஷிப்டுப் பெண்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள், நனைந்த கோழி மாதிரி. மெசின் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. தென்காசிப் பெண் விரல் வைத்தாள். ட்ரை அகைன். மூக்கில் தேய்த்து வைத்தாள். ட்ரை அகைன். பின்னால் நின்றவள், "ஏண்டி, உங்கைய வெளுக்கப் போட்டியா? நவுரு" என்றாள். இவள் கண் சொருகிக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன்.

"அத்த வுடு. நீ வந்தது எனக்குத் தெரியுது. போய்ப் படு" என்றேன்.

போய்ப் படுத்தாள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கினாள். நைட் ஷிப்டு பார்த்தவள் தூக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற தூக்கம்.

எட்டரைக்கு மெசின் தன் வேலையைச் செய்தது. உங்கள் மகள் இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை அதையே சொன்னது. நான் கீழே சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன், அவள் மேலே தூங்கிக்கொண்டிருந்தாள், அது தென்காசிக்கு அவள் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடி வந்தாள். கூப்பிட்டுப் பேசினால் அப்பா, "சரி, நான் வண்டி ஏறிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

மறுநாள் காலை அவர் வந்தார். மழையில் நனைந்த வேட்டியைப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளையக் கூட்டிட்டுப் போவ வந்துருக்கேம்மா" என்றார்.

"அவ நேத்து காலைலயே வந்துட்டாப்பா. நான் என் கண்ணால பாத்தேன். மெசினுதான் பாக்கல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எம் பிள்ள மேல எனக்குச் சந்தேகமே கெடயாது."

"அப்புறம் இன்னாத்துக்குக் கூட்டிக்கினு போற?"

அவர் காலி டம்ளரைக் கொஞ்ச நேரம் உருட்டினார். "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. போன் கிர்ரு கிர்ருன்னு அடிச்சிச்சு. டீக்கடையில இருந்தேன். கடைக்காரங்கிட்ட, என்னன்னு பாருப்பான்னு குடுத்துட்டேன். அவன் சத்தமா வாசிச்சிட்டான். பெஞ்சுல இருந்த பூராப் பேருக்கும் கேட்டுட்டு. அரை மணி கழிச்சு திரும்ப வருது. அதையும் வாசிக்கான். நாலாவது தடவ வாசிக்கயில, 'என்ன அண்ணாச்சி, இன்னுமா வரல?'ன்னு ஒருத்தன் சிரிக்கான். நான் என்ன செய்யச் சொல்லுதீய?"

நான் வைத்திருந்த பதிலெல்லாம் கத்துகிற ஆளுக்கு. படிக்கத் தெரியாத ஆள் போனை அடுத்தவன் கையில் கொடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பெண் படிக்கட்டில் நின்றிருந்தாள். பெட்டி கட்டவில்லை. அதை நான் கவனித்தேன். மருமகளுக்கு ஆள் அனுப்பினேன். அவள் லேப்டாப்போடு வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், "சாரி அங்கிள்" என்றாள். "பொண்ணு வந்துட்டான்னு இப்பவே டைப் பண்ணி உங்களுக்கு அனுப்பிடறேன்."

"நீங்க அடிச்சா அது நீங்க சொன்னதாத்தான தாயி ஆவும்? என்னத்தயோ சொல்லி எழுதி வாங்கிட்டு வந்துட்டாம்பானுவ. சொன்ன எடத்துலருந்தே மாத்திச் சொல்லணும்லா."

"அப்ப அவ இப்ப விரல் வெக்கட்டும். மெசினே அனுப்பிடும்" என்று எழுந்தவள், இரண்டடி போய் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்போது வைத்தால் இப்போதுதான் வந்தாள் என்று போகும். வியாழக்கிழமை வரவேண்டியவள் வெள்ளிக்கிழமை வந்தாள் என்று டீக்கடையில் வாசிப்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெளியே லாரி ஒன்று ரிவர்ஸில் கத்திக்கொண்டே போனது.

அப்பா எழுந்தார். "ஏட்டி, துணிய எடு."

படிக்கட்டிலிருந்து அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அப்பாவிடம் இல்லை, மருமகளிடம். "அக்கா, எலெக்ஷன் சமயத்துல போனு வந்து, எடுத்தா தானாப் பேசுமே. அது மாரி இதுல வைக்க முடியாதா? யப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்லா. ஸ்பீக்கர்ல போட்டா கடையில இருக்கவங்களும் கேப்பாங்க."

நான் அவளைப் பார்த்தேன். இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மருமகள் தேடினாள். இருந்தது. மெசேஜ் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போன் செய்கிற பெட்டியை மாட்டினாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளேயும் நிரப்ப வேண்டியது நிறைய இருந்தது. எந்த நம்பருக்கு, எப்போது, எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடலாமா. "மறுபடி கூப்புடாத, போதும்" என்றேன். அவள் அதை எடுத்தாள். அரை மணிக்கு ஒரு தடவை என்றிருந்த பெட்டியையும் நானே விரலை நீட்டிக் காட்டி எடுக்க வைத்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. அப்பன்மாருக்குப் போறதுக்கு முன்னாடி என்னக் கேக்கணும்."

"மெசினு உங்களக் கேக்கணுமா?"

"ஆமா. இவ வர்லன்னு சொல்லப் போறேன், சொல்லட்டுமா வேணாமான்னு கேக்கட்டும். நான் போய்ப் பாத்துட்டு சொல்றேன். இந்தக் கேட்டுல நிக்கிறது நானு."

அதற்கும் ஒரு பெட்டி இருந்தது. அவள் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க பதில் சொல்லலன்னா, பெரியம்மா? தூங்கிட்டீங்க, இல்ல கோயிலுக்குப் போயிட்டீங்க. அனுப்பிடட்டுமா, நிறுத்தி வெக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லியே ஆவணும். வுட்டா அது நிக்காது."

இத்தனை வயதில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அனுப்பு என்றால் மறுபடியும் ஒரு டீக்கடை. நிறுத்து என்றால், நிஜமாகவே ஒருத்தி வராத நாளில் நான் அசந்து தூங்கிக்கொண்டிருப்பேன், அவளைத் தேட ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆண்டவரே என்று இருந்தது. அந்த அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலன்னா உன்னக் கேக்கட்டும்" என்றேன் மருமகளிடம். "நீயும் சொல்லலன்னா உங்க மாமனாரக் கேக்கட்டும். அவரும் தூங்குனா அப்புறம் இந்த ஹாஸ்டலு எதுக்கு?"

அவளுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் அவள் வெளிநாட்டுக்காரனோடு பேசுகிற நேரம். ஆனாலும் மாட்டினாள்.

கடைசியில் குரல். கம்ப்யூட்டரே பேசுகிற ஒரு குரலைப் போட்டுக் காட்டினாள். அன்பார்ந்த பெற்றோரே என்று ஆரம்பித்தது. அப்பா தலையை ஆட்டினார். "பாங்குலருந்து பேசுதாப்புல இருக்கு. எவனும் நம்ப மாட்டான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வாயில் வருவதைத்தான் சொல்வேன். முதல் தடவை பேசியது நீளமாம். மழை, பஸ்ஸு, கை வழுக்கியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனாம். இரண்டாம் தடவை உள்ளே குக்கர் கத்தியது, அந்த விசிலும் பதிவில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று தெரியாது. முந்தின நாளிலிருந்து நான் சரியாகப் படுக்கவில்லை. கடைசியில் பேசியது இதுதான்: "நான் வார்டன் பேசறேன். உங்க பொண்ணு வியாழக்கெழம காலைலயே வந்துட்டா. நான் கேட்டுல நின்னு பாத்தேன். மெசினு தப்பா சொல்லிடுச்சி." அது அவருக்கு மட்டும். இனிமேல் தினமும் அவள் விரல் வைத்தாலோ, வந்துவிட்டாள் என்று நான் சொன்னாலோ போக வேண்டியதைத் தனியாகப் பேசினேன். "உங்க பொண்ணு வந்துட்டா." அவ்வளவுதான்.

மருமகள் போட்டுக் கேட்டுவிட்டு, "மெசினு தப்புன்னு வேணாமே, மாமா திட்டுவாரு. ஹாஸ்டல் பேரு இன்னாவறது?" என்றாள்.

"பொண்ணு பேரு போறதுக்கு ஹாஸ்டல் பேரு போவட்டும். திட்டுனா என்னயத் திட்டச் சொல்லு."

இருந்தது இருந்தபடி விட்டாள்.

அப்பா அன்றைக்கே திரும்பினார். தனியாகத்தான். ஆனால் சம்மதம் என்று சொல்லவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் நான் கடையில இருப்பேன். அப்ப போன் வரட்டும். கேட்டுட்டு அவனுவ என்ன சொல்லுதானுவன்னு பாக்கேன். அதுக்கு மேல ஞாயித்துக்கெழம பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் கேட் வரைக்கும் கூடப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மருமகள் தன் போனைக் காட்டினாள். போன் கால் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் எடுத்து முழுதும் கேட்டிருக்கிறார்கள். எடுத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். எடுத்தவர் முகம் எப்படி இருந்தது என்று அது சொல்லாது. அந்தப் பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் போனை நீட்டினாள். "யப்பா. உங்ககிட்டதான் பேசணுமாம்."

"இன்னாபா, கேட்டாங்களா?"

"கேட்டாவம்மா. கடக்காரன் டீய ஆத்துறத நிறுத்திட்டுக் கேட்டான்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. டீயக் குடிச்சாங்க. ஒருத்தர் மட்டும், 'யாரு அந்தம்மா, இவ்வளவு சலிச்சுப் பேசுதாங்க, ஒடம்புக்கு முடியலயா?'ன்னு கேட்டாரு."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. "அந்தாளாண்ட சொல்லு, எனக்கு ஒரு கேடும் இல்லன்னு. பொண்ண இன்னா பண்ணப் போற?"

"இருக்கட்டும்மா. வேல பாக்கட்டும். தெனமும் அந்தப் போன் மட்டும் வந்துரட்டும். வாசிக்கிறவன் யாரும் நடுவுல வேண்டாம்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

மருமகள் பிறகு வந்து, கொஞ்சம் சந்தோஷமான குரலில் திருப்பிப் பதிவு செய்யலாமா என்று கேட்டாள். மற்ற அப்பன்மாரும் இதே மாதிரி வேண்டும் என்கிறார்களாம். முடியாது என்றேன். இருக்கிற குரல் இதுதான், வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் புதுக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்து விரலை மூக்கில் தேய்த்து வைத்தாள். ட்ரை அகைன். இன்னொரு தடவை. எடுக்கவில்லை. இவள் வரவில்லை என்று சொல்லட்டுமா என்று என் போன் கேட்டது. வந்துவிட்டாள் என்கிற பட்டனைத் தேடி அழுத்தினேன். அந்நேரம் தென்காசிப் பக்கத்தில் ஏதோ ஒரு பெஞ்சில் என் குரல் பேசியிருக்கும். நான் அவளிடம் சாம்பார் ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.